தொட்டியில் திருக்கை வளர்க்கலாமா?

கேள்வி: சென்னை வண்ண மீன் கடையில் உள்ளங்கை அளவில் நன்னீர்த் திருக்கை பார்த்தோம். மகன் கேட்கிறான். ஒரு ஜோடி வாங்கிக் குட்டி எடுத்து விற்றால் கட்டுப்படியாகுமா? வெள்ளாற்றில் வலையில் ஏறும் குஞ்சையே கொண்டுவந்து விட்டால் என்ன?
- வாசகர், புவனகிரி

பதில்: வெள்ளாற்றுக் குஞ்சு வேண்டாம். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் கிடைப்பவை கடல் திருக்கைகள். கிணற்றுத் தண்ணீரில் பிழைக்காது. அதோடு சில திருக்கை இனங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. குஞ்சைப் பார்த்து இனம் பிரிப்பது மீனவர்களுக்கே சிரமம்.

கடையில் விற்பவை தென்னமெரிக்க ஆற்றுத் திருக்கைகள். உள்ளங்கை அளவு என்பது குட்டிப் பருவம்தான். வளர்ந்தால் உடல் மட்டுமே ஒன்றரை அடி அகலம் வரும். அது தரையோடு தவழும் மீன், ஆகவே தொட்டிக்கு உயரத்தைவிட அகலம் முக்கியம். குறைந்தது 6 அடி நீளம், 3 அடி அகலம் வேண்டும். 2 அடிக்குத் தண்ணீர் நிரப்பினால் அதுவே சுமார் 1,000 கிலோ எடை. அடியில் நைஸான மணல் போட வேண்டும். கூரான ஜல்லி வயிற்றைக் கிழித்துவிடும். இறாலும் மண்புழுவும் நிறையத் தின்னும், கழிவும் அதற்கேற்ப. அம்மோனியா சற்று ஏறினாலும் தாங்காது. இரவு முழுக்க மின்சாரம் போனால் வடிகட்டி நின்றுவிடும். காலையில் மீன் செத்துக் கிடக்கலாம்.

வருமானக் கணக்கும் சரிவராது. பருவத்துக்கு வரவே 2, 3 ஆண்டு. முட்டையிடாமல் குட்டி போடும் இனம், ஈற்றுக்குச் சில குட்டிகள்தான். அதுவரை தீனி, மின்கட்டணம் எல்லாம் கைக்காசு. அந்தப் பணத்தில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி மோலி, பிளாட்டி விடுங்கள். அவையும் குட்டி போடுபவைதான். சில மாதத்திலேயே விற்கலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வால்முள்ளில் கவனமாக இருக்க வேண்டும். அதில் விஷம் உண்டு. பிள்ளைகள் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அரை மணிக்கு மேல் வைத்தால் வலி குறையும். சூட்டை, குத்துப்படாத கையால் பார்க்கவும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால் குட்டையில் விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் தொட்டியிலிருந்து விட்ட இதே இனம் நீர்த்தேக்கத்தில் பெருகிவிட்டது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குட்டை வழிந்தால் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போய்விடும்; நடவுக்கு இறங்குபவர் காலில் முள் ஏறும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.