நடுங்குவது ஸ்டியரிங்கா, நம் படிப்பா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



பாலன்சிங் பாடத்தில் பத்து மார்க் கணக்கு வந்தால் நாம் யாரும் விடுவதில்லை. ஸ்கேல் வைத்து ஃபோர்ஸ் பாலிகன் வரைந்து, மூடாத பக்கத்தை அளந்து, விடையைக் கட்டம் கட்டிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவோம். அதே கணக்கு நாலு சக்கரத்தோடு ரோட்டில் உருண்டு வந்தால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

புது டயர் போட்ட கார். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. பைபாஸில் ஏறி எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள் உதறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், 'அலைன்மென்ட் அவுட்டு சார்' என்பார்கள். இல்லையென்றால், 'டை ராடு எண்டு போச்சு.' இரண்டுமே அவசரப் பதில் என்பது என் கருத்து.

நேற்று வரை நடுங்காத வண்டியில் மாறியது டயர் மட்டும்தானே? அப்புறம் சந்தேகம் ஏன் வேறு எங்கோ போகிறது? அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங்கை உதறுவது அதன் குணமல்ல. டை ராடு எண்டில் ஆட்டம் இருந்தால், இருக்கிற நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் நடுக்கம் பிறக்குமிடம் சுற்றுகிற சக்கரம்தான்.

நம் சூத்திரத்தையே போட்டுப் பாருங்கள். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் ஏற்றத்தாழ்வு. டயரின் உருளும் ஆரம் 31 செ.மீ. என்று வையுங்கள். 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு சுமார் 13 தடவை சுற்றும். நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 35 நியூட்டன். மூன்றரைக் கிலோ சுத்தியலால் வினாடிக்குப் பதின்மூன்று முறை அழுத்துவது போல! 30 கி.மீ. வேகத்தில் இதில் ஒன்பதில் ஒரு பங்குதான், அதனால்தான் ஊருக்குள் தெரிவதில்லை. சில வண்டிகளில் நூறைத் தாண்டினால் அடங்கியும் விடுகிறது. சஸ்பென்ஷன் இயல்பாக ஆடும் எண்ணை அந்தச் சுற்று கடந்துவிடுகிறது, அவ்வளவுதான். ரெசனன்ஸ் என்று நோட்டில் எழுதினோமே, அதுதான் இது!

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கப்பா ஆக்டிங் டிரைவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். சென்ற ஆண்டு அவர் ஓட்டிய காருக்கு நாலு டயரும் புதுசு போட்டார்கள். சங்ககிரி தாண்டியதும் ஸ்டியரிங் உதறல். ஒரு ஒர்க்‌ஷாப்பில், "டிரைவர் குழியில இறக்கிட்டாரு, டை ராடு எண்டு ரெண்டும் அடிவாங்கிருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். "ஏம்ப்பா, பாத்து ஓட்ட மாட்டியா?" என்றார் ஓனர். கூலியில் பிடித்துக்கொண்டார். பார்ட்ஸ் மாற்றியும் நடுக்கம் போகவில்லை. கடைசியில் ரோட்டோர டயர் கடைக்காரர் ஒருவர்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, "அண்ணே, வெளிப்பக்கம் மட்டும் வெயிட் ஒட்டிருக்கு, உள்பக்கம் காலி" என்றார். மெஷினில் போட்டதும் உள்பக்கம் 35 கிராம் கேட்டது. வெயிட் அடித்தார், உதறல் நின்றது. பிடித்த கூலி மட்டும் திரும்பி வரவேயில்லை.

ஒரே தளத்தில் வெயிட் வைத்தால் ஃபோர்ஸ் சமமாகலாம், கப்பிள் சமமாகாது என்று நாம் படித்திருக்கிறோம். அவர் படிக்கவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது!

ஆகவே செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிப்போம். ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டயரை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாற்றிப் போட்டு, நடுக்கம் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வளையமாக ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. ஹப் முகத்தில் துரு இருந்தால் சுரண்டி எடுத்து, நட்டை எதிரெதிராக இறுக்க வேண்டும்.

பாலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். சக்கரத்தைத் தளர்த்தி, ஷாஃப்டில் பாதிச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். இப்போது 20 கிராம் கேட்டால் கோன் சரியாக உட்காரவில்லை, முதலில் வந்த பூஜ்யம் பொய் என்று அர்த்தம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். இதற்கெல்லாம் பிறகும் நடுங்கினால் ரிம் கோணலா, டயரே உருண்டையில்லையா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். டை ராடு எண்டு அதற்கும் பிறகுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விழா மேடைக்குச் செய்யும் செலவில் கொஞ்சம் குறைத்து, டயர் கடை அண்ணன் ஒருவரை நம் ஒர்க்‌ஷாப்புக்கு அரை நாள் கூப்பிடுவோமே! அவர் கையால் செய்து காட்டட்டும், ஏன் என்பதை நாம் போர்டில் எழுதுவோம். எங்க பக்கத்துக் கடை அண்ணனிடம் நானே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறாராம். மத்தியானச் சாப்பாடு மட்டும் சங்கக் கணக்கு!