தொட்டால்தான் ஆட்டம்

"எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு என்னய்யா கபடியப் பத்திப் பேசிக்கிட்டு?" என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. பேசத்தான் வேண்டியிருக்கிறது.

தாடிக்கொம்பில் எங்க தெருவுக்கு ஒரு டீம், ஊர்த் தெருவுக்கு ஒரு டீம். ரெண்டும் சேர்ந்து ஒரே பெயரில் இறங்கி நான் பார்த்ததில்லை. பனியன் கலரைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம். திண்டுக்கல்லில் நான் படித்த ஒரு சின்னக் கல்லூரியின் டீமில்தான் ரெண்டு தெருவும் கைகோத்து நின்றது. கபடியில் தொடாமல் ஆட்டம் இல்லை. தீட்டுப் பார்க்கிறவன் தோற்றுப்போவான்.

என்னோடு கைகோத்து நின்றவன் வீட்டுக்குள்ளே கூப்பிட்டானா? இல்லை. வாசலில் வைத்துத்தான் தண்ணி கொடுத்தான். கபடி சாதியை ஒழித்துவிடும் என்று நான் கதை விடவில்லை. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவரோடு ஒரே பந்தைத் தொட்டு ஆடியவர்கள், டீயை மட்டும் வெளியே வைத்து மண்கோப்பையில் கொடுத்தார்கள். அவருக்குக் கடைசிவரை கேப்டன் பதவி தரவில்லை. ஆனால் 1923இல் அவர் தம்பி விட்டல் அதே இந்து அணிக்குக் கேப்டன் ஆனார். மைதானத்துக்குள் கால் வைத்ததால்தானே அந்தச் சண்டையைப் போட முடிந்தது?

இன்றைக்கு அந்தக் கல்லூரியில் டீம் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றார், இடம் காலியாகவே கிடக்கிறது. கேட்டால், "ஒரு மெடலாவது வந்துச்சா? புரோ கபடிக்கு ஒருத்தனாவது போனானா?" என்கிறார்கள். 2014இல் அந்த லீக் வந்ததிலிருந்து இதே கேள்விதான். எத்தனை பேர் பேராசிரியர் ஆனார்கள் என்று கணக்குக் கேட்டுத் தமிழ்த்துறையை மூடுவார்களா?

மெடல்தான் வேணுமா? 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். சென்னைக்குள்ளிருந்து பிடுங்கியவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. பேர் தெரியாத பிள்ளைகள் மோதி விழுந்து எழுந்த மண்ணில்தான் ஒரு கார்த்திகா முளைக்க முடியும்.

கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். மூணேகால் சென்ட். நமக்குத் தருகிற வீட்டுமனைப் பட்டாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதற்குக்கூட மனசில்லாதவர்கள் மேடையில் சமத்துவம் பேசுகிறார்கள். சாயங்காலமானால் எங்க பிள்ளைகள் ஸ்பின்னிங் மில் வேனில் ஏறுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் சாதிப் பனியனை மாட்டுகிறார்கள். ரெண்டு பேரையும் மறித்து நிறுத்திய கோடு அந்த மூணேகால் சென்ட்டில்தான் கிடந்தது.

அதை அழித்தது யார்?