புற்றணுவைக் காட்டும் நுண்விளக்கு

புதிய அறிவியல் கருவி ஒன்று தோன்றியதும், ‘இனி ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், ஒளியைப் பாய்ச்சினால் நோய் தெரிந்துவிடும்’ என்ற பேச்சும் உடன் எழுகிறது. புற்றணுக்களை ஒளிரச் செய்யும் குவாண்டம் புள்ளிகளைப் பற்றியும் இவ்வாறு பேசப்படுவதுண்டு. அதன் உண்மை நிலையை இம்மாதம் காண்போம்.

குவாண்டம் புள்ளி என்பது குறைகடத்திப் பொருளாலான மிக நுண்ணிய படிகமாகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இப்படிகத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2 முதல் 10 நானோமீட்டர்தான். புற ஊதா ஒளி பட்டால் இது வண்ண ஒளியை உமிழும். பொருள் ஒன்றேயாயினும் அளவு மாறினால் நிறமும் மாறும் என்பதே இதன் விந்தை. காட்மியம் செலினைடு படிகம் சிறிதாயின் நீலமாகவும், பெரிதாயின் சிவப்பாகவும் ஒளிரும். படிகம் சிறுக்கச் சிறுக்க எலக்ட்ரான் உலவும் இடம் குறுகி, வெளிப்படும் ஒளியின் ஆற்றல் கூடுவதே காரணம்.

1980களின் தொடக்கத்தில் அலெக்சி எக்கிமோவ் கண்ணாடியிலும், லூயி புரூஸ் கரைசலிலும் இவ்விளைவைக் கண்டறிந்தனர். துனீசியத் தந்தைக்கு மகனாகப் பாரிஸில் பிறந்த முங்கி பவெண்டி, 1993இல் அமெரிக்காவில் இப்படிகங்களைச் சீரான அளவில் ஆக்கும் முறையை வகுத்தார். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, புற்றணுவை இவை காட்டுவது எங்ஙனம்? சில மார்பகப் புற்றணுக்களின் மேற்பரப்பில் ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்திருக்கும். அப்புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை ஒளிப்புள்ளியுடன் பிணைத்து, நோயாளியிடமிருந்து எடுத்த திசுவின் மீது இடுகின்றனர். புரதம் உள்ள அணுக்கள் நுண்ணோக்கியில் ஒளிர்கின்றன. 2003இல் இவ்வழி ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. சாதாரண ஒளிர்சாயங்கள் விரைவில் மங்கிவிடும். இவை நெடுநேரம் மங்குவதில்லை. ஒரே ஒளியில் பல நிறப் புள்ளிகள் ஒளிர்வதால், பல புரதங்களை ஒருங்கே காணவும் இயலும். ஹெர்-2 மிகுந்த நோய்க்கெனத் தனி மருந்துகள் இருப்பதால், இவ்வறிதல் சிகிச்சையையே முடிவு செய்கிறது.

2004இல் எலிகளின் உடலுக்குள்ளேயே புற்றுக்கட்டியை இம்முறையில் ஒளிரச் செய்தனர். ஆனால் காட்மியம் நச்சுப்பொருள். மேலுறை சிதைந்து அது உடலில் கசியலாம் என்ற ஐயம் நிலவுவதால், மனித உடலுக்குள் செலுத்தும் வழக்கமான சோதனையாக இது இன்னும் வரவில்லை. மருத்துவமனைகளில் ஹெர்-2 புரதத்தைப் பொதுவாக, திசுவுக்கு நிறமேற்றியே அறிகின்றனர்.

ஆக, விளக்கு எத்துணை நுண்ணியதாயினும், அது ஒளிர்வதற்குச் சிறிதளவு திசு தேவை; திசு எடுக்க, கட்டியை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நம் இல்லங்களில் தடைபடுவது இந்த முதற்படியே. உம்மாவோ சகோதரியோ கூச்சத்தால் மாதக்கணக்கில் மறைத்து வைப்பதுண்டு. ‘வலி இல்லையே’ என்று ஆறுதல் கொள்வதும் உண்டு. ஆனால் தொடக்கக் காலப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஊசியால் திசு எடுத்தால் நோய் முற்றிவிடும் என்பதும் வீண் அச்சமே. நாள் கடத்துவதே ஆபத்து. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. பெண் மருத்துவரை நாடலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். கட்டி தென்பட்டதும் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘மருத்துவரிடம் என்று போகலாம்?’