பார்த்து எழுதினாலும் பாஸாகாத இன்ஜின்!

'பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினால் பாஸாகிவிடலாம்' என்று ஸ்கூலில் நம்பாதவர் உண்டா? ஜப்பானில் நெசவுத்தறி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியும் அப்படித்தான் நம்பி இறங்கியது. இன்றைய டொயோட்டா பிறந்தது அங்கேதான்!

1933-ல் டொயோடா தானியங்கித் தறி ஆலையில் கார் பிரிவைத் தொடங்கினார் கிச்சிரோ டொயோடா. அமெரிக்க ஷெவர்லே கார் ஒன்றை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து, அளந்து, வரைந்துகொண்டார்கள்.

ஏன் ஷெவர்லே? 1929-ல் வந்த அதன் 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் அப்போது செம ஹிட். 4 சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் உந்துதல் கிடைக்கும். ஆறு இருந்தால், மூன்றில் ஒரு பங்கு சுற்றுக்கே கிடைத்துவிடும். அதனால் அதிர்வு குறைவு. இதை 4 சிலிண்டர் கார் விலைக்கே கொடுத்தது ஷெவர்லே.

சரி, அளவெல்லாம் கையில் இருக்கிறதே... அப்புறம் என்ன சிக்கல்? இரும்பு வார்ப்பு!

இன்ஜின் சூடாகாமல் இருக்க, சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு பிளாக்குக்கு உள்ளேயே வழி வேண்டும். அந்த வழியின் வடிவில் மணலில் ஓர் உரு செய்து (ஃபவுண்டரியில் 'கோர்' என்பார்கள்) அச்சுக்குள் வைத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மணலை உதிர்த்து எடுத்துவிடுவார்கள். தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகள்தான். ஆனாலும் பிளாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வீணாகின. விடாமல் மறுபடி மறுபடி வார்த்தார்கள்.

1934 செப்டம்பரில் முதல் இன்ஜின் ரெடி. ஓட்டிப் பார்த்தால், ஒரிஜினலைவிட பவர் குறைவு! சிலிண்டர் ஹெட்டைத் திருத்திய பிறகுதான் 60 குதிரைத்திறனைத் தாண்டியது. 3,389 சிசி கொண்ட இந்த 'டைப் ஏ' இன்ஜினோடுதான், 1936-ல் 'ஏஏ' கார் விற்பனைக்கு வந்தது.

பிரித்த காரில் அளவுகள் கிடைத்தன. செய்யும் விதத்தை அவர்களே பாழான பிளாக்குகளிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டு வாண்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டத் தெரியாமல் முழிக்கிறதா? திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எங்கே, இன்னொரு தடவை பார்ப்போம்' என்று சொல்லுங்கள்!