வெள்ளம் வடிந்த பின்: குளோரினுக்குச் சாகாத வித்திகள்

2024 நவம்பர் வெள்ளம் வடிந்த கையோடு யாழ். குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு நவம்பரில் டித்வா புயல். ஒவ்வொரு தடவையும் கிணறு இறைக்கிறோம், குளோரின் போடுகிறோம், வீடெங்கும் டெற்றோல் மணக்கிறது. எலிக்காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் காரணமான பக்டீரியாக்களுக்குக் குளோரின் போதும். சேற்றில் கிடக்கும் எல்லாம் அப்படிச் சாவதில்லை.

ஏற்புவலிக் கிருமி வித்தியாக மாறி, மண்ணிலும் மாட்டெருவிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தடித்த உறை, உள்ளே நீர் மிகக் குறைவு. ஸ்பிரிட் அதைக் கொல்லாது. அந்திராக்ஸ் வித்திகளை வைத்து 1881இலேயே ரொபர்ட் கொக் இதைக் காட்டிவிட்டார். டெற்றோலையும் நம்ப முடியாது, மணம் எவ்வளவு தூக்கலாக இருந்தாலும்.

குளோரினால் வித்தியைக் கொல்ல முடியும். ஆனால் செறிவு வேண்டும், நேரம் வேண்டும். குடிநீரில் அரை மணித்தியாலத்தின் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீந்திருந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வித்திகள் உள்ள வைத்தியசாலைத் தளங்களைத் துடைக்கும் கரைசலில் அது 5000 மில்லிகிராம் வரை போகிறது. பத்தாயிரம் மடங்கு! அதோடு, தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூடக் குளோரினின் வலு குறையும். நமது கிணறுகளோ சுண்ணக்கல்லில் வெட்டியவை. சேறும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். வெக்கையிலும் ஈரத்திலும் திறந்து கிடந்த தூளில் வீரியம் மிஞ்சாது. குளிரிலும் வேலை மெதுவாகும்.

இதனால் கிணற்றுத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்புவலி குடித்து வருவதல்ல, காயத்தால் வருவது. 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் 100 பேருக்கு மேல் ஏற்புவலி கண்டது, சேற்றில் பட்ட காயங்களால்தான்.

வித்தியை நிச்சயமாகக் கொல்வது ஓட்டோகிளேவ்: 121 பாகை செல்சியஸ் அழுத்த நீராவி, 15 நிமிடம். நீராவிக்கு எரிபொருள் வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லாத குடாநாட்டுக்கு அந்த எரிபொருளே மறுக்கப்பட்டது. 2009 வன்னியில் மருத்துவப் பொருட்கள் மறுக்கப்பட்டதை ஐ.நா.வின் 2015 விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. தடைப்பட்டியல் என்பது அறுவைக் கத்தியின் நுனி வரை போகும் விடயம் என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

அன்று காயப்பட்டவர்கள் இன்று நடுத்தர வயதில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் உராய்ந்து புண்ணான மொழியோடு வயலில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏற்பூசி அட்டவணைப்படி கிடைக்கிறது. வளர்ந்தவர்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒரு தடவை வேண்டும். ஆழமான, அழுக்கான காயம் என்றால் ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே போட வேண்டும். புண்ணை முதலில் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வித்தி சாகாது, ஆனால் அடித்துக்கொண்டு போகும். அடுத்த மாரிக்கு முன்னர், குளோரின் பங்கிடும் அதே கையால் வளர்ந்தவர்களின் ஏற்பூசிக் கணக்கையும் சுகாதாரத் திணைக்களம் எடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் வீடுகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.