செவிலி ஆகலாம், தலைவி ஆகலாகாதா?

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் மாநகரின் நாடக அரங்கொன்றிலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ மீண்டும் மேடையேறப் போகிறது. ரோமியோவாகத் திரைப்படப் புகழ் பெற்ற டாம் ஹாலண்ட் தோன்றுவார். ஜூலியட்டாகப் பிரான்செஸ்கா அமெவுடா-ரிவர்ஸ் என்னும் கறுப்பின நங்கை தோன்றுவார் என்பது செய்தி. நாடகம் தொடங்கியதோ மே மாதத்தில். வசைமாரி தொடங்கியதோ அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே. அந்நாடகத்தில் ஒரு சொல்லையேனும் அவர் பேசி எவரும் கேட்டிலர். ஆகவே குரலில் குற்றம் காண வழியில்லை. நடிப்பில் குற்றம் காண வழியில்லை. முகத்தைச் சொன்னார்கள்; நிறத்தைச் சொன்னார்கள். நாடகக் குழுவினர் கண்டன அறிக்கை வெளியிட நேர்ந்தது. 800-க்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் ஒன்றுகூடி அப்பெண்ணுக்கு ஆதரவாகப் பகிரங்க மடல் எழுத நேர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே நாடகத்தில் ஜூலியட்டின் செவிலித்தாயாக நடித்தவரும் ஒரு கறுப்பினப் பெண்மணியே; ஃப்ரீமா அஜிமன் என்பது அவர் பெயர். புயல் மூண்டது செவிலியின் மீதன்று, ஜூலியட்டின் மீது.

தமிழின் அகப்பாட்டுகளைப் பயின்றோர்க்குத் தலைவி, தோழி, செவிலி என்னும் மூவரையும் தெரியும். தோழி கூரிய அறிவினள், செவிலி பேரன்பினள், எனினும் பாட்டு யாருக்காகப் பிறந்ததென்றால் தலைவிக்காகத்தான். மேலைநாட்டு இரசிகர் கூட்டம் கறுப்பினப் பெண்ணுக்குத் தோழியின் இடத்தை மனமுவந்து தருகிறது. செவிலியின் இடத்தையும் தருகிறது. தலைவியின் இடத்தில் அவள் வந்தமர்ந்த கணமே அக்கூட்டத்தின் முகம் மாறிவிடுகிறது. இதுவே என் குற்றச்சாட்டு.

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இந்தக் கதைகளோடு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இவற்றைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள் என்பதே விடை. அங்கே இரசிகர் எனப்படுவோர் நம்மூரில் கட்அவுட்டுக்குப் பாலூற்றும் இளைஞரைப் போன்றவர் அல்லர். படித்தவர்கள், கதைமாந்தரை வைத்துத் தாமே புதுக்கதைகள் எழுதுகின்றவர்கள், இன்னாருக்கு இன்னார்தான் இணை என்று கட்சி கட்டி ஆண்டுக்கணக்கில் வழக்காடுகின்றவர்கள். அக்கட்சிகளில் நம் பிள்ளைகளும் சேர்கிறார்கள். அக்கதைகளில் வரும் காதல் நடைமுறைகளெல்லாம் நமக்கு ஒப்பானவை என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு வழக்கு.

“இது வெறும் சுவை வேற்றுமை, ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான்” என்று அவர்கள் வாதிடுகிறார்கள். இச்சுவையின் இலட்சணத்தை 2012-இல் உலகம் கண்டது. ‘ஹங்கர் கேம்ஸ்’ என்னும் நாவல் அவ்வாண்டு திரைப்படமாயிற்று. அதில் ரூ என்றொரு சிறுமி, வயது 12, கொடியதொரு போட்டியில் மாண்டுபோகிறாள். அவள் கரும்பழுப்பு நிறத்தினள் என்று 2008-இல் வந்த நூலே தெளிவாகச் சொல்லியிருந்தது. வாசித்தவர்களுள் பலர் அதைக் கவனியாமல், தம் மனத்தில் ஒரு வெள்ளைச் சிறுமியை வரைந்துகொண்டு கண்ணீர் வடித்திருந்தார்கள். திரையில் கறுப்பினச் சிறுமியைக் கண்டதும் சினந்தார்கள். அவள் கறுப்பி என்று தெரிந்தபின் அவள் சாவு முன்போல் துயரம் தரவில்லை என்று வெட்கமின்றி எழுதியவர்களும் உண்டு. இங்கே காதலுமில்லை, கல்யாணமுமில்லை. ஒரு குழந்தைக்காகச் சிந்திய கண்ணீரையே திரும்பக் கேட்கும் சுவை இது!

இவ்வாறு பச்சையாகப் பேசுவோரை விட்டுவிடலாம். அவர்களை அடையாளம் காண்பது எளிது. நான் அஞ்சுவது நயமாகப் பேசுவோரையே.

‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாயிற்று. அதில் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா. நடித்தவர் நிக்கெல் நிக்கோல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. முதலாண்டு முடிவில் அவர் விலக எண்ணியபோது மார்ட்டின் லூதர் கிங்கே அவரைச் சந்தித்து, விலகலாகாது என்று தடுத்தார் என்பதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். அத்துணைப் பெருமையுடைய பாத்திரம் அது. ஆயினும் கப்பலின் ஆடவர்க்கெல்லாம் கதைக்கொரு காதல் கிடைத்தது, உஹுராவுக்குக் கிடைக்கவில்லை. 1968 நவம்பரில் கப்பல் தலைவன் கிர்க் அவளை முத்தமிடும் காட்சியொன்று வந்தது. வரலாறு படைத்த காட்சி என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். கதையில் அது வேற்றுலகத்தாரின் மந்திர ஆற்றல் அவ்விருவரையும் பொம்மைகளாக ஆட்டுவித்ததால் நிகழ்ந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவளை விரும்பி ஒருவன் நெருங்கினான் என்று காட்ட அன்று துணிவில்லை. அவளுக்கொரு முதற்பெயர் உண்டென்பதுகூடத் திரையில் ஒலிக்க 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2009-இல் வந்த புதிய திரைப்படத்தில் உஹுராவும் ஸ்பாக் என்னும் அறிவாளியும் ஒருவரையொருவர் நேசிப்பதாகக் காட்டினர். ஸ்பாக்கிற்கு வேறு இணையைத் தம் மனத்தில் முன்பே வரித்து வைத்திருந்த இரசிகர் பலர் கொதித்தெழுந்தனர். நிறத்தைக் குறித்து ஒரு சொல் பேசினார்களா? இல்லை. “எத்துணைத் திறமைசாலி! அவளைப் போய் ஒருவனுக்குக் காதலியாகத் தாழ்த்திவிட்டார்களே! அவள் வலியவள், தனித்து நிற்பவள், அவளுக்குக் காதல் எதற்கு?” என்று பெண்ணுரிமைப் பேச்சால் அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் இளவரசி லேயாவும் படை நடத்தியவள்தான், துப்பாக்கி ஏந்தியவள்தான். அவள் ஹான் சோலோவை நேசித்ததால் தாழ்ந்தாள் என்று இவ்வளவு கண்ணீர் வடிந்ததுண்டா? வெள்ளைப் பெண்ணுக்கு வீரமும் காதலும் இரண்டும் அணிகலன். கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றைக் கழற்றிக்கொள்ள வேண்டுமாம்.

இந்த ‘வலியவள்’ என்னும் பட்டம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைச் சட்டம் அடிமைகளின் திருமணத்தை ஏற்கவில்லை. மணந்தவனிடமிருந்து மனைவியைப் பிரித்து விற்கலாம். 1662-இல் வர்ஜீனியாவில் இயற்றிய சட்டப்படி, தாய் அடிமையென்றால் தந்தை யாராயினும் பிள்ளையும் அடிமையே. வயலில் ஆடவனுக்கு நிகராக உழைத்தவளை, கணவனும் பிள்ளையும் பறிக்கப்பட்டும் உயிர் தரித்தவளை, ‘இவள் எதையும் தாங்குவாள்’ என்று சொன்னவர்கள் அவளைப் புகழ்ந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் இன்றைய இரசிகர் பாராட்டு என்று எண்ணி நீட்டுகிறார்.

மற்றொரு சாரார் வரலாற்றுப் புலமை காட்டுவர். 2008 முதல் 2012 வரை பி.பி.சி. ஒளிபரப்பிய ‘மெர்லின்’ தொடரில் பணிப்பெண்ணாக அறிமுகமாகி, ஆர்தர் மன்னனின் அரசியாக உயரும் குவினிவியராக ஏஞ்சல் கூல்பி நடித்தார். “பழங்கால பிரிட்டனில் கறுப்பு அரசியா? நம்ப முடியவில்லையே!” என்றார்கள். அத்தொடரில் குகைக்குள் சங்கிலியால் பிணைத்த டிராகன் ஒன்று மனித மொழியில் அறிவுரை கூறுகிறது. அது நம்பத்தக்கதாக இருந்தது!

அவர்கள் போற்றும் அந்த ஆர்தர் மரபையே புரட்டிப் பார்க்கட்டும். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்ஃப்ராம் என்னும் ஜெர்மானியக் கவிஞர் யாத்த ‘பார்ஸிவல்’ காவியத்தில் பெலகானே என்றொரு கருநிற அரசி வருகிறாள். பாக்தாதின் கலீஃபாவிடம் பணிபுரிந்த காமுரேத் என்னும் வெள்ளை வீரன் அவளை விரும்பி மணக்கிறான். பின்பு, அவள் கிறிஸ்தவள் அல்லள் என்று சாக்குச் சொல்லிக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, கருவுற்றிருந்தவளைக் கைவிட்டு ஓடிப்போகிறான். ஞானஸ்நானம் பெற அவள் இசைந்தே இருந்தாள், அவன் கேட்கவில்லை. அவள் துயரத்தால் மாண்டாள். காவியத்தின் தலைவன் பார்ஸிவல் காமுரேத்தின் பிற்காலத்து வெள்ளை மனைவி பெற்ற மகன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கறுப்பு அரசியைக் கற்பனை செய்யக் கவிஞனால் முடிந்தது. அவளைத் தலைவியாகக் காவியம் முழுதும் வைத்திருக்கத்தான் முடியவில்லை.

‘மூல நூலில் உள்ளபடி’ என்னும் வாதமும் நிலையானதன்று. ‘ஃபிளாஷ்’ சித்திரக்கதையில் ஐரிஸ் வெஸ்ட் 1956 முதலே நாயகனின் காதலி, பின்னர் மனைவி. 2014-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அப்பாத்திரத்தைக் கேண்டிஸ் பாட்டன் என்னும் கறுப்பினப் பெண் ஏற்றார். உடனே மூலநூற் பற்று பறந்துவிட்டது. நாயகனுக்கு வேறு வெள்ளைப் பெண்களை இணை தேடினார்கள். அந்நடிகை தாம் பட்ட வசைகளைப் பொதுவில் கூறியிருக்கிறார். கதைதானே என்பவர்கள், கல்லடி கதைமாந்தர் மேல் விழுவதில்லை என்பதை அறிய வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன். “இது மேலைநாட்டு நோய், எங்களுக்கு ஹஜ்ரத் பிலால் (ரலி) இருக்கிறார்கள்” என்று நாம் எளிதில் தப்பிவிடக் கூடாது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் மருத்துவர் இப்னு புத்லான், எந்நாட்டு அடிமைப் பெண் எவ்வேலைக்கு உகந்தவள் என்று தரம் பிரித்து வாங்குவோர்க்கு வழிகாட்டி நூலே எழுதினார். அவர் முஸ்லிமல்லர்; அந்நூலுக்குரிய சந்தை நம்முடையது.

அன்னை உம்மு அய்மன் (ரலி) அவர்களை நம் மேடைகள் எப்படி அறிமுகம் செய்கின்றன? பரக்கா என்னும் இயற்பெயருடைய அபிசீனியப் பெண்மணி. பெருமானார் (ஸல்) அவர்களின் அன்னை ஆமினா அப்வாவில் மறைந்தபின் அக்குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்த செவிலி. அத்துடன் சொற்பொழிவு முடிந்துவிடும். நாமும் அவர்களைச் செவிலியின் இடத்திலேயே நிறுத்திவிட்டோம். சுவனத்துப் பெண்ணொருத்தியை மணக்க விரும்புவோர் உம்மு அய்மனை மணக்கட்டும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாகவும், அதன்பின் ஸைத் (ரலி) அவர்களை மணந்ததாகவும் இப்னு ஸஅதின் ‘தபகாத்’ பதிந்திருக்கிறது. எத்தனை பயான்களில் இதைக் கேட்டிருக்கிறீர்கள்?

அம்மணத்தில் பிறந்தவர்கள் உஸாமா (ரலி). தந்தை வெண்ணிறத்தார், மகன் கருநிறத்தார். ஊர் சும்மா இருக்கவில்லை. மகனின் பிறப்பை ஐயுற்றுப் பேசினார்கள். அவ்வையம் உண்மையில் யார் மீது வீசிய சேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் தந்தையும் மகனும் ஒரே போர்வையால் தலையை மூடிப் படுத்திருந்தார்கள்; பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்கச் சாயல் கண்டு வமிசம் சொல்வதில் தேர்ந்த முஜஸ்ஸிஸ் என்பவர் அவ்வழி வந்தார். இப்பாதங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தவை என்றார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. அன்று பெருமானார் (ஸல்) அவர்கள் முகத்தின் ரேகைகளெல்லாம் ஒளிவீச இல்லத்தினுள் நுழைந்து, முஜஸ்ஸிஸ் சொன்னதை நீ அறிந்தாயா என்று கேட்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.