பாம்பன் பாலமும் 46 நாட்களும்

ஸ்ரீமதுரையைச் சுற்றிய கூடலூர் மலைகளில் கொழுந்து பறிக்கும் தோழர்கள் பலருடைய குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. 1964 அக்டோபரில் சிரிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களை இக்கரை சேர்த்தது பாம்பன் ரயில் பாலம். மண்டபம் முகாமைத் தாண்டி மலையேறியவர்களுக்காக 1968 முதல் சர்க்கார் போட்ட தேயிலைத் தோட்டங்களே இன்றைய டான்டீ.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன் அந்தப் பாலம் கடலில் போயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிப் பட்டினமே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மூழ்கியது. 1914-இல் வெள்ளைக்காரன் திறந்த பாலத்தின் இரும்பு உத்தரங்களில் நூற்றுக்கு மேல் கடலில் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ராமேசுவரம் தனித்தீவாகி நின்றது. சாலைப் பாலம் அப்போது ஏது? அது 1988-இல்தான் வந்தது.

சீர்செய்யும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற எஞ்சினீயரிடம் வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் 1932-இல் பிறந்து, காக்கிநாடாவில் படித்து, 1954-இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தவர். ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். புதிய உத்தரங்கள் செய்து வரக் காத்திருந்தால் அந்தக் கெடுவும் போதாது. விழுந்த உத்தரங்கள் கடலடியில் கிடக்கும் இடத்தை மீனவர்கள் சொன்னார்கள். அவர் காதுகொடுத்துக் கேட்டார். அதுதான் அவர் பெருமை. இரும்பைக் கடலிலிருந்து மீட்டு மறுபடி தூண்களின்மேல் ஏற்றினார்கள். 46 நாளில் பாலம் முடிந்தது. யாத்ரீகர்களும் மீன் பெட்டிகளும் மீண்டும் ரயிலேறின. ஊர் பிழைத்தது.

பின்னாளில் கொங்கண் ரயில், டில்லி மெட்ரோ என்று அவர் புகழ் வளர்ந்தது. 2021-இல் பா.ஜ.க.வில் சேர்ந்து பாலக்காட்டில் நின்று தோற்றார். அந்த அரசியல் நமக்கு எதிர்முகாம். அதற்காக அவர் செய்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டோம்.

நமது கேள்வி வேறு. எஞ்சினீயருக்கு ரயில்வே மந்திரியின் விருது கிடைத்தது, நியாயம்தான். இடம் காட்டிய மீனவர்கள், இரும்பை இழுத்துக் கரைசேர்த்த கூலிகள், இவர்கள் பெயர்களை எந்தப் பத்திரிகையிலும் காணோம். பாலத்துக்கு 46 நாள் போதுமாயிருந்தது. தனுஷ்கோடிக்கோ அறுபது ஆண்டு தாண்டியும் ரயில் திரும்பவில்லை. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடமென்று சர்க்கார் அறிவித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. வசிக்கிறார்களே! மீனவர் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசைகளில் இருக்கின்றன.

பழைய பாலம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017-இலேயே சாலை போட்டாயிற்று. சுற்றுலாக் கார்கள் வரிசையாய்ப் போகின்றன. அந்தச் சாலையோரத்து மீனவனுக்கு மனைப்பட்டா, குடிநீர், மின்சாரம் எத்தனை நாளில் என்று சர்க்கார் கெடு குறிக்கட்டும். அதே பாலத்தைக் கடந்து வந்து கூடலூர் லைன் வீடுகளில் முதுமையடைந்த தொழிலாளிக்குச் சொந்த வீட்டுக்கும் தேதி சொல்லட்டும்.